பூமியை அளந்த லாம்டன் துரை

கொல்லிமலையின் பழைய சர்வேப் படம் ஒன்றை விரித்துப் பாருங்கள். குண்டனி நாடு முதலான மலை நாடுகள் கிடக்கும் அந்தப் பிரதேசத்தில் காடு பச்சை வர்ணம். ஓடைகள் நீலக் கோடுகள். மலைச் சரிவுகள் நெளிந்து செல்லும் வளைகோடுகள். ஒரு மைல் நிலம் ஓர் அங்குலத்தில் அடங்கிவிடுகிறது! இத்தகைய படங்களுக்கு அஸ்திவாரம் போட்டவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பட்டாளத்தில் சேர்ந்து, அமெரிக்க யுத்தத்தில் கைதியானார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டண யுத்தத்தில் கலந்துகொண்டார். யுத்தம் முடிந்ததும் அவர் நாடியது வாளை அல்ல, அளவுச் சங்கிலியை!

1802 ஏப்ரல் 10-ந் தேதி சென்னைப் பரங்கிமலையருகே வேலை ஆரம்பமாயிற்று. நூறடி எஃகுச் சங்கிலியைச் சுமார் 400 தடவை நீட்டி, ஏழரை மைல் நீளமுள்ள ஒரே கோட்டை அளந்தார்கள். அதற்கு 57 நாட்கள் பிடித்தன. ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா? அப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்து, நாட்டையே வலைபோல் பின்னினார்.

கோணம் அளக்கும் தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கிப் பிறகு மரியாதையுடன் திரும்பி வந்தது. அதற்கும் ஒரு கண்டம் வந்தது! மலையில்லாத தஞ்சைச் சமவெளியில், 1808-ல் பெரிய கோயில் கோபுரத்தின்மீது அதை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது, கருவி சுவரில் மோதிக் கோணல்மாணலாயிற்று. பல வருஷ உழைப்பு அத்தோடு தீர்ந்ததோ என்று எவரும் கலங்கியிருப்பார்கள். லாம்டனோ ஒரு கூடாரத்தில் புகுந்து, ஆறு வாரங்கள் பாடுபட்டு, வளைந்த பாகத்தை அங்குலம் அங்குலமாக நிமிர்த்தினார். வேலை மறுபடி தொடங்கியது.

1817-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக்கிக் கௌரவித்தது. அப்போதும் அவர் ஓயவில்லை. குமரிமுனையருகிலிருந்து வடக்கே அளந்து சென்றவர், 1823 ஜனவரி 20-ந் தேதி நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் காலமானார். உதவியாளராயிருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் பணியைத் தொடர்ந்தார். உலகின் உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. லாம்டன் பெயரை இன்று அறிந்தவர் சிலரே.

அவருடன் சங்கிலி பிடித்தவர்கள், கருவியைச் சுமந்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்கள் பெயரோ எந்தப் படத்திலும் இல்லை. ஆனால் படத்தில் ஒவ்வொரு கோடும் அவர்கள் நடந்த வழியல்லவா?