இப்னு பதூதாவைக் கரை சேர்த்த தோணி

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியை அடுத்துள்ள இறக்கக்கண்டியில் கடலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. வாடைக்காற்று வீசத் தொடங்கினால் கடல் எவ்வளவு விரைவில் முகம் மாறும் என்பதை அம்மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகளுக்கு முன், இலங்கைக்கும் தமிழகத்துக்கும் இடைப்பட்ட கடலில் மரணத்தின் விளிம்பு வரை சென்று மீண்ட ஒருவரை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். அவரே உலகப் பயணி இப்னு பதூதா.

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304 இல் பிறந்த அவர், 1325 இல் ஹஜ் கடமையை நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டார். டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கின் அரசில் காதியாகப் பணியாற்றினார். பின்னர் அம்மன்னரின் தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டவர், கோழிக்கோட்டில் ஜும்ஆ தொழுகைக்காகக் கரையில் தங்கினார். அப்போது எழுந்த புயலில் மன்னரின் பரிசுப் பொருட்களை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவரது உடைமைகளுடன் நின்ற மற்றொரு கப்பலோ அவரை விட்டே சென்றுவிட்டது.

மாலைதீவில் காதியாக இருந்த பின், 1344 இல் அராபியர் மஃபர் என அழைத்த சோழ மண்டலக் கரையை நோக்கிப் பாய்விரித்தார். காற்றோ அவரைப் புத்தளம் பக்கம் கொண்டுவந்தது. அங்கு ஆட்சி செலுத்திய தமிழ் மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியை எண்ணி மாலுமிகள் அஞ்சினர். ஆனால், பாரசீக மொழி அறிந்த அம்மன்னர் அவரை உபசரித்து, முத்துக்களும் பல்லக்கும் வழங்கி, யோகிகளையும் பிராமணர்களையும் துணைக்கு அனுப்பி, ஆதம் மலையைத் தரிசிக்க வழிசெய்தார். அவர் திரும்பும்வரை கப்பலோட்டி புத்தளத்திலேயே காத்திருந்தார்.

மீண்டும் பயணம் தொடர்ந்தபோது புயல் மூண்டது. கப்பலுக்குள் நீர் ஏறியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர். சரக்குகளைக் கடலில் எறிந்தனர். மாலுமிகள் கட்டிய தெப்பத்தில் தம்முடன் வந்தோரை முதலில் அனுப்பிவிட்டு, இப்னு பதூதா கப்பலிலேயே தங்கினார். மற்றத் தெப்பங்கள் முடியுமுன் இருள் சூழ்ந்தது. நீர் மேலும் ஏற, பின்தளத்தில் ஏறி விடியும்வரை அமர்ந்திருந்தார். காலையில் தமிழ்க் கரையிலிருந்து தோணியில் வந்தவர்கள் அவரைக் காப்பாற்றினர். அவர்களது பெயர்கள் அவரது நூலில் இல்லை. அவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பது மட்டுமே பதிவாகியுள்ளது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. அக்கரையை ஆண்ட மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி, இப்னு பதூதாவுக்குத் திருமண உறவினர். அவரது விருந்தினராக இருந்தபோது, இந்து மக்களைப் பெண்கள், குழந்தைகள் எனப் பாராமல் அவர் கொன்றொழித்ததை இப்னு பதூதா நேரில் கண்டார். உறவையும் மார்க்கத்தையும் காட்டி அதனை அவர் மறைக்கவில்லை. எந்த மன்னரும் செய்யாத இழிசெயல் எனக் கண்டித்து, அதனாலேயே இறைவன் அவரது முடிவை விரைவுபடுத்தினான் என்ற கருத்தையும் தமது நூலில் பதிந்தார். அந்நூல் 1355 இல் நிறைவுற்றது.

கடலில் தத்தளிப்பவனிடம் எவரும் மார்க்கத்தை விசாரிப்பதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் நமது கிழக்கிலங்கைக் கரையில் அந்தப் பண்பு கரையேறிய பின்னரும் நிலைக்க வேண்டும். தன் இனத்தவர் இழைக்கும் அநீதியையும் அநீதி என்றே சொல்லும் துணிவு அதற்கு வேண்டும். இப்னு பதூதாவின் வாழ்விலிருந்து நாம் பெறவேண்டிய பாடம் இதுவே.