நாய்க்குச் சினை ஊசி போட்ட பாதிரியார்

மாடு பருவத்துக்கு வந்தால் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் சென்று சினை ஊசி போடுகிறோம். இந்த முறைக்கு 18-ம் நூற்றாண்டிலேயே வழிகாட்டியவர் இத்தாலியைச் சேர்ந்த லாசரோ ஸ்பல்லன்சானி.

1729-ல் ஸ்கேண்டியானோ என்ற ஊரில் வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். போலோனியாவில் சட்டம் படிக்கப் போனவரை, அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்த உறவுக்காரப் பெண் லாரா பாஸ்ஸி அறிவியல் பக்கம் திருப்பினார். பாதிரியாரான பிறகும் ஆய்வை விடவில்லை. 1769 முதல் பாவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார்.

முட்டையை விந்து தொட வேண்டுமா, அதன் ஆவியே போதுமா என்று அக்காலத்தில் விவாதம் நடந்தது. அவர் ஆண் தவளைகளுக்கு மெழுகுத் துணியில் கால்சட்டை மாட்டிவிட்டார். முட்டைகள் பொரிக்கவில்லை. துணியில் தங்கிய விந்தை முட்டைகளில் தடவியதும் தலைப்பிரட்டைகள் வந்தன.

1780 வாக்கில், தனியே அடைத்து வைத்த பெண் நாய்க்குப் பருவம் வந்ததும் பீச்சுக்குழல் மூலம் விந்தைச் செலுத்தினார். குழலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்தினார். 62 நாளில் 3 குட்டிகள் பிறந்தன. பனியில் குளிரவைத்த விந்தணு அசைவற்றுப் போவதையும், சூடேறியதும் மீண்டும் அசைவதையும் கண்டார்.

தவளை விந்தைப் பலமுறை வடிகட்டியபோது, வடிந்த நீருக்குச் சினைப்படுத்தும் திறன் போய்விட்டது. தாளில் தங்கியதைக் கழுவிய நீரோ முட்டையைச் சினைப்படுத்தியது. ஆனாலும் விந்தணுதான் காரணம் என்பதை அவர் ஏற்கவில்லை. 1799-ல் பாவியாவில் காலமானார்.

அசைவதாலேயே ஒரு விந்தணு நல்லதாகிவிடாது என்பது பின்னாளில் தெரிந்த செய்தி. அதற்குள் இருக்கும் மரபுப் பொருளான டி.என்.ஏ. இழைகள் அறுந்திருந்தாலும் அது முட்டைக்குள் நுழைந்துவிடும். ஆனால் கரு வளராமல் தொடக்கத்திலேயே அழிந்துவிடலாம். மாடு மறுபடி பருவத்துக்கு வரும்போதுதான் நமக்குத் தெரியும். சினை நிற்காததற்கு மாட்டை மட்டுமே குறை சொல்லக்கூடாது.

கடும் வெயில் பொலிகாளையின் விந்தணுவைப் பாதிக்கும். விந்தணு உருவாக ஏறத்தாழ 2 மாதம் ஆவதால், கோடையின் பாதிப்பு சில வாரம் கழித்தும் தொடரும். எனவே, காளைக்கு நிழலும் தண்ணீரும் குறையக் கூடாது. உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் எப்போதும் மூழ்கியிருக்க வேண்டும். குச்சியை 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் உருக்கி, தாமதிக்காமல் செலுத்த வேண்டும். உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. இரண்டு, மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்காவிட்டால் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். எந்தக் காளையின் குச்சி போடப்பட்டது என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள்.