கர்நாக்கியைப் படைத்த கடலோடி

ஆங்கிலத் துப்பறியும் கதை என்றவுடன் ஷெர்லக் ஹோம்ஸ் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் புகழ் பரவியிருந்த காலத்தில், பேய் உலவுவதாகக் கூறப்படும் வீடுகளில் துப்புத் துலக்கும் பாத்திரங்களையும் எழுத்தாளர் சிலர் படைத்தனர். அவற்றுள் குறிப்பிடத்தக்கது கர்நாக்கி என்னும் பாத்திரம். அதனைப் படைத்தவர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன்.

1877-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், பாதிரியார் ஒருவரின் பன்னிரு மக்களுள் ஒருவராக அவர் பிறந்தார். கடல் வேட்கையால் பதின்மூன்றாம் வயதில் உறைவிடப் பள்ளியை விட்டு ஓடினார். பின்னர்க் கப்பலில் பயிற்சி மாலுமியாகச் சேர்ந்தார். உருவத்தில் சிறியவரான அவர் அங்குப் பட்ட கொடுமைகள் பல. அவற்றுக்கு ஒடுங்காமல் உடற்பயிற்சியால் தம்மை உரமாக்கிக்கொண்டார். 1898-இல் நியூசிலாந்துக் கடற்பகுதியில், சுறாக்கள் திரியும் நீரில் விழுந்த மாலுமி ஒருவரைக் குதித்துக் காத்தமைக்காகப் பதக்கம் பெற்றார்.

கடல் வாழ்வைத் துறந்தபின், 1899-இல் பிளாக்பர்ன் நகரில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அது நிலைக்காமற் போகவே, எழுத்தைத் தொழிலாகக் கொண்டார். 1910-இல் 'ஐட்லர்' இதழில் கர்நாக்கி கதைகள் வெளிவரத் தொடங்கின. 1913-இல் அவற்றுள் ஆறு கதைகள் நூலாயின.

கர்நாக்கி மந்திரவாதி அல்லர். பேய் என்று கேட்டவுடன் அவர் நம்புவதும் இல்லை, நகைப்பதும் இல்லை. கதவுகளுக்கு முத்திரையிடுகிறார், ஒளிப்படம் எடுக்கிறார், ஐம்முனை விண்மீன் வடிவில் மின்குழல்களை அமைத்து, அதனுள் இரவெல்லாம் விழித்திருக்கிறார். ஒரு கதையில், சிற்றாலயத்தில் தானே பாய்ந்து குத்தும் குத்துவாள், பழைய பொறியமைப்பின் வேலை எனத் தெரியவருகிறது. மற்றொன்றில் எல்லாம் கயவர் கூட்டத்தின் சூழ்ச்சி. சீழ்க்கை ஒலிக்கும் அறையைப் பற்றிய கதையிலோ தீய ஆற்றல் மெய்யாகவே குடிகொண்டிருக்கிறது. எது மெய், எது பொய் என்பதை ஆய்வே தீர்மானிக்கிறது. தாம் அஞ்சி நடுங்கியதையும் கர்நாக்கி நண்பர்களிடம் ஒளிப்பதில்லை. எனினும் பணியை விட்டு விலகுவதில்லை.

இவ்வியல்பு ஆசிரியரிடமும் இருந்தது. 1914-இல் போர் மூண்டபோது பிரான்சில் மனைவியுடன் வாழ்ந்த ஹாட்ஜ்சன், தாயகம் திரும்பிப் படையிற் சேர்ந்தார். 1916-இல் குதிரையிலிருந்து வீழ்ந்து தலையில் காயமுற்றதால் விடுவிக்கப்பட்டார். வீட்டில் இருந்திருந்தால் பழிப்பார் எவரும் இலர். ஆயினும் உடல் தேறியதும் மீண்டும் பீரங்கிப் படைக்கே சென்றார். 1918 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் குண்டு வீழ்ந்து உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது.

1947-இல் கர்நாக்கி நூல் மேலும் மூன்று கதைகளுடன் மறுபடியும் வெளிவந்தது. கேட்டதை உடனே நம்பாமலும் ஆராயாமல் ஒதுக்காமலும் நேரிற் சென்று காணும் துணிவே அக்கதைகளின் உயிர்நாடி. கற்பார்க்கும் ஆய்வார்க்கும் அத்துணிவு என்றும் வேண்டுவதேயாகும்.