பொம்மையாகப் பிறந்த டர்ன்டேபிள்... கிராமபோன் தந்த எமில் பெர்லினரின் கதை!

ஹை-எண்ட் டர்ன்டேபிள்களின் விலையை எப்போதாவது கூகுள் பண்ணிப் பார்த்திருக்கீங்களா? சில மாடல்களின் விலைக்கு ஒரு காரே வாங்கிடலாம். சிலது 100 கிலோவுக்கும் மேல் எடை. இவ்வளவு செலவும் எதுக்கு? ஒரு தட்டைச் சீராகச் சுற்றவைத்து, அதன்மேல் ஓர் ஊசியை ஓடவிட! அவ்வளவுதான்.

இந்தச் சுற்றும் தட்டை உலகத்துக்குக் கொடுத்தவர் எமில் பெர்லினர். ஆனா, அவரோட கிராமபோன் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது ஆடம்பரப் பொருளாக அல்ல, குழந்தைகள் விளையாடும் பொம்மையாக!

பாட்டில் கழுவிய இளைஞர்

1851-ல் ஜெர்மனியின் ஹனோவர் நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பெர்லினர். வீடு நிறைய பிள்ளைகள். 14 வயதோடு படிப்பு முடிந்தது. அச்சகத்தில் வேலை, பிறகு துணிக்கடையில் வேலை. 1870-ல் கப்பலேறி அமெரிக்கா போனார். வாஷிங்டனில் மறுபடியும் துணிக்கடைதான். அடுத்து நியூயார்க். அங்கே கிடைத்த வேலையையெல்லாம் செய்தார். ஓர் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவியதும் அதில் ஒன்று. பகலில் வேலை, இரவில் கூப்பர் இன்ஸ்டிடியூட்டில் வகுப்பு. காலேஜ் டிகிரி எதுவும் இல்லை. அறிவியலை ஓய்வு நேரத்தில்தான் கற்றுக்கொண்டார்.

1876-ல் கிரஹாம் பெல்லின் டெலிபோன் உலகத்துக்கு அறிமுகமானது. பேசுபவரின் குரல் அதில் பலவீனமாகவே கேட்டது. மறு ஆண்டே அதற்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார் பெர்லினர். லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே மின்சாரத்தைப் பாய்ச்சும் மைக்ரோபோன் அது. பெல் கம்பெனி அதன் உரிமையை விலைக்கு வாங்கி, அவரையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வேலையை விட்டு, ஒலியைப் பதிவு செய்யும் ஆராய்ச்சியில் இறங்கினார்.

உருளையா, தட்டா?

அப்போது எடிசனின் போனோகிராஃப் உலகப் புகழ்பெற்றிருந்தது. அதில் ஒலி பதிவானது உருளையில். ஊசி மேலும் கீழும் குதித்துப் பள்ளம் தோண்டும். அந்த உருளையை ஆயிரக்கணக்கில் காப்பி எடுப்பது ரொம்பவே கஷ்டம்.

பெர்லினர் உருளையைத் தட்டாக மாற்றினார். மேலும் கீழும் போன ஊசியை, இடமும் வலமும் அசையவைத்தார். துத்தநாகத் தட்டில் மெல்லிய மெழுகு பூசி, ஊசியால் கோடு கீறி, அமிலத்தில் போட்டால் அந்தக் கோடு மட்டும் அரித்துப் பள்ளமாகும். அதிலிருந்து உலோக அச்சு எடுத்தால், ஒரே பாட்டை எத்தனை தட்டுகளில் வேண்டுமானாலும் அழுத்தி எடுக்கலாம். அச்சகத்தில் வேலை பார்த்தவருக்கு அச்சோட அருமை தெரியாதா என்ன! 1887-ல் கிராமபோனுக்குப் பேடன்ட் கிடைத்தது.

அதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருந்தது. ஊசியை நகர்த்தத் தனி இயந்திரம் கிடையாது. தட்டில் இருக்கும் பள்ளமே ஊசியைப் பிடித்து உள்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். இன்றைக்கு லட்சக்கணக்கில் விற்கும் டர்ன்டேபிள்களின் டோன்ஆர்மும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது.

கை வலித்தால் சுருதி போச்சு!

1889-ல் ஜெர்மனியில் ஒரு பொம்மை கம்பெனி இதைக் குட்டி கிராமபோனாகத் தயாரித்து விற்றது. அதற்கான தட்டு 5 அங்குலம்தான். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் 7 அங்குலத் தட்டுகள் வந்தன. ஆனா, ஒரு பெரிய பிரச்னை. தட்டைக் கையால் சுற்ற வேண்டும். வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும். கை தளர்ந்தால் இறங்கும். பாடகர் எவ்வளவு நன்றாகப் பாடியிருந்தாலும், சுற்றுகிறவர் கையில்தான் எல்லாம்.

கேம்டன் நகரில் பட்டறை வைத்திருந்த எல்ட்ரிட்ஜ் ஜான்சன், 1896-ல் ஸ்பிரிங் மோட்டாரைக் கொடுத்தார். சாவி கொடுத்தால் தட்டு தானாகச் சீராகச் சுற்றும். அதன்பிறகே கிராமபோன் வீடுகளுக்குள் ஜோராக நுழைந்தது.

இப்போது காஸ்ட்லி டர்ன்டேபிள்களுக்கு வருவோம். தட்டு ஏன் அவ்வளவு கனம்? கனமான சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் வேகம் லேசில் மாறாது. மோட்டாரை ஏன் தள்ளிவைத்து பெல்ட்டில் இணைக்கிறார்கள்? அதன் அதிர்வு ஊசிக்கு எட்டக் கூடாது. எல்.பி ரெக்கார்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. அது துளிகூடப் பிசகக் கூடாது. அன்று பெர்லினரின் கிராமபோனில் இருந்த அதே குறையைத்தான் இன்றும் காசு கொட்டிச் சரிசெய்கிறார்கள். நல்ல டர்ன்டேபிள் தானாக எந்தச் சத்தமும் சேர்க்காது. அந்த அமைதிக்குத்தான் விலை!

நம்ம ஊர் அரக்கு

ஆரம்பத்தில் தட்டுகள் கெட்டி ரப்பரில் செய்யப்பட்டன. அது சரிவரவில்லை. பட்டன் தயாரிக்கும் கம்பெனி ஒன்று பயன்படுத்திய அரக்குக் கலவைதான் கைகொடுத்தது. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின் அது. இந்தியக் காடுகளிலிருந்து உலகமெங்கும் போனது. 1902-ல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் குரல் பதிவானது. அதைத் தட்டாக அழுத்தியது எங்கே தெரியுமா? பெர்லினர் பிறந்த ஹனோவரில்!

சொந்தக் கருவியை விற்கத் தடை

கிராமபோன் கண்டம் தாண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பெர்லினருக்குப் பெரிய அடி விழுந்தது. அமெரிக்க விற்பனை உரிமையைக் கையில் வைத்திருந்த ஃப்ராங்க் சீமேன், போட்டிக் கருவி ஒன்றைக் களமிறக்கி, கோர்ட்டுக்கும் போனார். 1900-ல், தான் கண்டுபிடித்த கிராமபோனையே அமெரிக்காவில் விற்க முடியாதபடி பெர்லினருக்குத் தடை வந்தது. கனடாவின் மான்ட்ரியாலுக்குத் தொழிலை மாற்றினார். அமெரிக்காவில் ஜான்சனின் விக்டர் கம்பெனி கொடிகட்டிப் பறந்தது. கிராமபோன் என்ற சொல்லே அங்கே மெல்ல வழக்கொழிந்தது. நாம்தான் இன்னும் அப்படிச் சொல்கிறோம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் அவரின் கைக்குழந்தை ஆலிஸ் வயிற்றுக் கோளாறால் மிகவும் அவதிப்பட்டாள். காய்ச்சாத பால்தான் காரணம் என்று நம்பிய பெர்லினர், பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பிரசாரம் செய்தார். பாலைக் காய்ச்சுவது நமக்குச் சாதாரணம். அன்றைய அமெரிக்க நகரங்களில் அது உயிர்ப் பிரச்னை. அறிவியல் ஆய்வு செய்யும் பெண்களுக்குத் தன் அம்மா சாராவின் பெயரில் உதவித்தொகையும் ஏற்படுத்தினார். மகன் ஹென்றியோடு சேர்ந்து ஹெலிகாப்டர் சோதனையும் செய்தார். மனுஷன் சும்மா உட்காரவே இல்லை!

1929 ஆகஸ்ட் 3 அன்று, 78 வயதில் வாஷிங்டனில் காலமானார். ஆடம்பரமாக இறுதிச்சடங்கு வேண்டாம், அந்தப் பணத்தைக் கைக்குழந்தையோடு கஷ்டப்படும் ஏழைத் தாய்மார்களுக்குக் கொடுங்கள் என்று வீட்டாருக்கு முன்பே எழுதிவைத்திருந்தார். மகள் பியானோ வாசிக்கட்டும் என்றும் கேட்டிருந்தார். அந்த மகள், ஒருகாலத்தில் பாலால் அவதிப்பட்ட அதே ஆலிஸ்.