மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

தஞ்சைத் தரணியில், குடமுருட்டியாற்றின் கரையிலே, நெல்வயல்கள் சூழ விளங்குவது வலங்கைமான் என்னும் ஊர். அங்கே 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், வறிய அந்தணர் குடியில் பிறந்தவர் வ. ச. ஸ்ரீநிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் பயின்று பட்டம் பெற்ற அவர், ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, பின்னர்த் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கினார். 1904-ஆம் ஆண்டில் அவ்விடத்தே நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். சிறு வருவாயினர் பலர் ஒத்த நிலையில் கூடிய சங்கமாதலின் அது தழைத்தது. 1907-இல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவரானார்.

ஒத்த நிலையில்லாதார் கூடுதல் எத்துணை அரிது என்பதை அவர் கண்டது தென்னாப்பிரிக்காவிலாகும். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றோரிற் பெரும்பாலோர் சென்னை மாகாணத்துத் தமிழரும் தெலுங்கருமே. அவர்க்குப் பின்னர்ச் சொந்தச் செலவிற் சென்றோர் குஜராத்தி வணிகர். ஒப்பந்தம் முடிந்த கூலிகளின்மேல் 1895-இல் விதிக்கப்பட்டு 1914-இல் நீக்கப்பட்ட மூன்று பவுன் வரி, வணிகரைத் தீண்டவில்லை. வணிகர் கவலையெல்லாம் கடை உரிமமும் நிலமுமே. துன்பம் வேறாகவே, ஒற்றுமையும் தளர்ந்தது. வெள்ளையரோ, இந்தியர் குறைந்த கூலிக்கு உழைப்பதால் தம் ஊதியம் தாழுமென்று அஞ்சி, இருசாராரையும் ஒருங்கே வெறுத்தனர்.

1927-இல் கேப் டவுன் உடன்பாடு ஏற்பட்டது. தாய்நாடு திரும்ப விரும்புவோர்க்குப் பொருளுதவி செய்தலும், தங்குவோரை மேனாட்டு வாழ்க்கைத் தரத்திற்கு உயர்த்துதலும் அதன் கருத்து. அதனை நிறைவேற்ற இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாகச் சென்றார் சாஸ்திரியார். கல்வியின்றித் தரம் உயராது என்று தெளிந்து, டர்பனில் ஒரு கல்லூரி அமைக்க இந்தியரிடமே பொருள் திரட்டினார். வணிகர் வழங்கிய செல்வம் கூலியின் மைந்தனுக்கும் கல்வியாயிற்று. 1929-இல் திறக்கப்பட்ட அக்கல்லூரி அவர் பெயரையே தாங்கியது. அதிற் பயின்றோர் பலர் பிற்காலத்தில் ஆசிரியராய்த் தம் குலத்தாரை உயர்த்தினர்.

ஆயினும், உடன்பாடு சமவுரிமையை வழங்கவில்லை என்பது மறுக்கொணாதது. உயர்க என்று கூறியவர்களே உயர்தற்குரிய தொழில்கள் பலவற்றையும் வாக்குரிமையையும் மறுத்தனர். வலியார் நல்லெண்ணத்தில் அவர் வைத்த நம்பிக்கை மிகையென்று அவர் காலத்திலேயே பலர் குறை கூறினர். 1946 ஏப்ரல் 17-ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இந்தியரின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது.

மேலோர் தயவால் வரும் உரிமை அவர் தயவோடே போகும். செல்வரும் வறியரும் கூடி எழுப்பிய கல்விக்கூடமோ நிலைத்தது. கல்லூரி மாணவராகிய நாம் இவ்விரண்டினையும் ஒருங்கே உணர்ந்து, நம்மினும் எளியாரோடு கூடி உழைத்தலே அப்பெரியாருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.