யாருக்கும் வேண்டாத குழந்தைகளின் அன்னை

1948-ம் வருஷம் கிறிஸ்துமஸ் சமயம். அமெரிக்காவில், பென்சில்வேனியா மாகாணத்தில் உள்ள ஒரு பண்ணை வீட்டுக்குக் கடிதம் ஒன்று வந்தது. பதினைந்து மாத ஆண் குழந்தை ஒன்றுக்கு வீடு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. குழந்தையின் தாய் அமெரிக்கப் பெண். தந்தை இந்தியர். அநாதைகளைச் சுவீகாரம் கொடுக்கும் ஸ்தாபனங்கள் அவனைக் கைவிட்டுவிட்டன. அவன் நிறத்துக்கு ஏற்ற பெற்றோர் கிடைக்க மாட்டார்கள் என்பதே காரணம்!

அந்தப் பண்ணை வீட்டில் வசித்தவர் பேர்ல் பக் அம்மையார். 1938-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி.

வளராத மகள்

அம்மையார் பிறந்தது 1892-ல், அமெரிக்காவில். பெற்றோர் கிறிஸ்தவப் பாதிரிமார் குடும்பத்தினர். கைக்குழந்தையாக இருந்தபோதே பேர்லைச் சீனாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். சீனக் குழந்தைகளோடு விளையாடி, சீன மொழி பேசி வளர்ந்தார். 1917-ல் விவசாய நிபுணர் ஒருவரை மணந்தார்.

1920-ல் கரோல் என்ற பெண் குழந்தை பிறந்தது. பார்க்க அழகான குழந்தை. ஆனால் வயது ஏறியதே தவிர, புத்தி வளரவில்லை. அம்மையார் டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு டாக்டர், இந்தக் குழந்தை ஒருநாளும் மற்றக் குழந்தைகளைப்போல ஆகாது என்று உண்மையைச் சொல்லிவிட்டார்.

பிரசவத்துக்குப்பின் செய்த ஆபரேஷனால் அம்மையாருக்கு வேறு குழந்தை பிறக்கவும் வழியில்லை. 1925-ல் ஓர் அநாதை இல்லத்திலிருந்து ஜானிஸ் என்ற சிசுவைச் சுவீகாரம் எடுத்தார்.

தமக்குப்பின் கரோலை யார் பார்ப்பார்கள்? இந்தக் கேள்வி அம்மையாரைத் தூங்கவிடவில்லை. 1929-ல், ஒன்பது வயது மகளை நியூஜெர்சியில் வைன்லாண்ட் என்ற ஊரிலுள்ள பயிற்சிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தார். ஆயுள் முழுவதும் அவளைப் பராமரிக்கப் பணம் வேண்டும். அதற்காகவும் பேனாவை எடுத்தார். 1931-ல் வெளிவந்த 'நல்ல நிலம்' நாவல் அவரை உலகப் புகழ் பெறச் செய்தது. அந்தக் கதையின் விவசாயிக்கும் புத்தி வளராத ஒரு மகள் உண்டு.

நல்வரவு இல்லம்

இப்படிப்பட்ட தாயின் கைக்குத்தான் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மையார் பல ஸ்தாபனங்களைக் கேட்டுப் பார்த்தார். எங்கும் ஒரே பதில். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. கைக்குழந்தையை வளர்க்கும் வயதல்ல. ஆனாலும் கதவை மூட மனம் வரவில்லை.

1949-ல் 'வெல்கம் ஹவுஸ்', அதாவது நல்வரவு இல்லம் பிறந்தது. முதலில் கலப்புக் குழந்தைகளை ஒரே வீட்டில் வளர்க்கத்தான் எண்ணினார்கள். ஆனால், ஸ்தாபனங்கள் சொன்னது பொய்யாயிற்று! குழந்தைகளைக் கேட்டுப் பெற்றோர்கள் வந்தார்கள். இல்லம் சுவீகார ஸ்தாபனமாக மாறியது.

பிறகு ஜப்பான், கொரியா முதலிய நாடுகளில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் பிறந்து, நிராதரவாக நின்ற குழந்தைகளைப் பற்றி அம்மையார் குரல் கொடுத்தார். அங்கே சட்டம் குறுக்கே நின்றது. ஆசியர்கள் அமெரிக்காவில் குடியேற மிகச் சில இடங்களே உண்டு. 1953-ல் வந்த அகதிகள் நிவாரணச் சட்டம், பத்து வயதுக்கு உட்பட்ட 4,000 அநாதைகளுக்கு அனுமதி தந்தது. 1961-ல்தான் நிரந்தர வழி பிறந்தது.

ஊருக்கு உபதேசம் செய்ததோடு அம்மையார் நிற்கவில்லை. நீக்ரோ சிப்பாய்களுக்கு ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிறந்த இரு பெண் குழந்தைகளைத் தாமே மகள்களாக ஏற்றார். அவர் சுவீகாரம் எடுத்தவர்கள் மொத்தம் ஏழு பேர்.

அன்பு மட்டும் போதுமா?

கப்பலேறி வரும் குழந்தைக்குப் புது மொழி, புது உணவு, தெருவில் உற்றுப் பார்க்கும் கண்கள். உடல் ஊனமோ மனக் குறையோ இருந்தால் டாக்டர், தனிப் பள்ளி, தீராத செலவு. பெற்றோர் கண்மூடிய பிறகு யார் என்ற கேள்வி வேறு. இத்தனையும் கரோலின் தாய்க்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. பல வருஷம் மறைத்து வைத்திருந்த மகளின் கதையை 1950-ல் அவரே எழுதினார். அதைப் படித்து, தங்கள் குழந்தையைக் குறித்து வெட்கப்படுவதை விட்ட பெற்றோர் பலர்.

எல்லாக் குழந்தைகளையும் அமெரிக்காவுக்குக் கொண்டுவர முடியாது என்பதையும் அம்மையார் உணர்ந்தார். சொந்த நாட்டிலேயே அவர்களைப் படிக்க வைக்க 1964-ல் தம் பெயரில் ஓர் அறநிலையம் அமைத்தார்.

கரோலின் நோய்க்குப் பீனைல்கீட்டோனூரியா என்று பெயர். பிறந்தவுடன் குதிகாலில் ரத்தம் எடுத்துச் சோதித்து, உணவை மாற்றினால் மூளையைக் காப்பாற்றிவிடலாம். ஆனால் அந்தச் சோதனை பரவியது 1960-களில். கரோலுக்கு அப்போது நாற்பது வயது கடந்துவிட்டது.

1973-ல், எண்பதாவது வயதில், அம்மையார் காலமானார். வெல்கம் ஹவுஸ் 5,000-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோரைத் தேடித் தந்து, 2014-ல் சுவீகாரப் பணியை நிறுத்தியது.

தாய்க்குப்பின் கரோலை யார் பார்த்தார்கள்? அநாதை இல்லத்திலிருந்து வந்த ஜானிஸ்தான் காப்பாளராகப் பொறுப்பேற்றார். 1992-ல் கரோல் கண்மூடும்வரை அந்தப் பொறுப்பு அவருடையதாகவே இருந்தது. தாயைத் தூங்கவிடாத கேள்விக்கு, அவர் தூக்கி வளர்த்த குழந்தையே விடையானாள்.