பரோடாவில் கிடைக்காத அறை: அண்ணல் அம்பேத்கரின் மாணவ வாழ்க்கை

அண்ணல் அம்பேத்கரை அரசமைப்புச் சட்டத்தின் சிற்பியாக நாம் அறிவோம். உதவித்தொகைக்கும் தங்குமிடத்துக்கும் அல்லாடிய மாணவராக அவரை அதிகம் நினைப்பதில்லை.

1891 ஏப்ரல் 14 அன்று மோவ் படைக்குடியிருப்பில் பிறந்த அவர், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றார். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். மாதம் பதினொன்றரை பவுன், மூன்று ஆண்டுகளுக்கு. திரும்பியதும் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே மாணவர் விடுதியில் பார்சி நண்பர் நவல் பாதேனாவுடன் சமமாக வாழ்ந்தார். 1916இல் இலண்டன் பொருளியல் பள்ளியில் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால், 1917இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்ப நேர்ந்தது.

நிபந்தனைப்படி பணியேற்க பரோடா வந்த அந்த அறிஞருக்கு நகரில் தங்க ஓர் அறை இல்லை. பார்சிப் பெயரில் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பொதுப்பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, பம்பாய்க்கு ரயிலேறினார்.

சிடன்ஹாம் கல்லூரிப் பேராசிரியர் பணியில் சேமித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவி, பாதேனாவின் கடன் ஆகியவற்றைக் கொண்டு 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டில் தங்கிப் பயின்றார், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. 1924இல் அவர் தொடங்கிய பஹிஷ்கிருத் ஹிதகாரிணி சபா, சோலாப்பூரில் மாணவர் விடுதி நடத்தியது. வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, பட்டியல் சாதி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கும் வெளிநாட்டுக் கல்விக்கும் அரசுப் பணம் கோரி வாதாடினார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

இன்று ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளில் வாடகை அறை தேடும் நம் மாணவரிடம் சாதியை நேரடியாகக் கேட்பது குறைவு. சொந்த ஊர் எது, அசைவம் உண்டா என்று கேட்டால் போதுமானதாக இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையோ, 2022 விதிகளின்படி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்குக் கிடைக்காது. கொலம்பியாவில் 1916இல் சாதியின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்த அம்பேத்கருக்கே இந்த விதி கதவடைத்திருக்கும்.

ஆகவே, இடஒதுக்கீட்டில் கிடைக்கும் கல்லூரி இடத்தோடு நம் கோரிக்கை நின்றுவிடக் கூடாது. போதுமான அரசு விடுதிகள், காலத்தில் வந்து சேரும் உதவித்தொகை, விரும்பிய பாடத்தை ஆராயும் உரிமை ஆகிய மூன்றையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.